நான்காவது குறை

எங்கள் பட்டறையில் வேலை கேட்டு வருகிறவரிடம் சான்றிதழ் கேட்கும் வழக்கமில்லை. ஒரு லாரியில் மூன்று குறைகளை ஒளித்து வைத்துவிட்டு, கையில் டீயைக் கொடுத்து, "டீ ஆறறதுக்குள்ள கண்டுபிடிங்க" என்போம். கண்டுபிடித்தால் மறுநாளே வேலை. இல்லாவிட்டால் டீயைக் குடித்துவிட்டு ஊர் போய்ச் சேரலாம். நானும் அப்படித்தான் உள்ளே வந்தேன். மூன்றையும் கண்டுபிடித்ததோடு, டீயில் சர்க்கரை போடவில்லை என்று நான்காவதாக ஒரு குறையும் சொன்னேன். அன்றைக்கு வாய்க்கொழுப்புக்காரி என்று பெயர் வாங்கியவள், பதினாறு வருடம் கழித்து, இந்த 2046இல், சங்ககிரி லாரிக்காரர்கள் கூட்டுப் பட்டறைக்குத் தலைமை மெக்கானிக். பெயர் தமயந்தி.

இந்த வருடம் சங்கம் ஒரு முடிவு எடுத்தது. எல்லா வண்டிகளுக்கும் சேர்த்துப் புதிதாக ஒரே ஒரு ஸ்கேனர் வாங்குவது. எந்த ஸ்கேனர் என்பதை நான் தேர்ந்தெடுப்பது. மூன்று கம்பெனிகள் கடிதம் போட்டன. பளபளவென்று படம் போட்ட புத்தகங்கள் அனுப்பின. நான் ஒன்றையும் பிரிக்கவில்லை. கருவியும் வேலைக்குத்தானே வருகிறது? அதற்கும் அதே தேர்வு, அதே டீ என்று சொல்லி அனுப்பினேன்.

ஸ்கேனர் வாங்குவது மாடு வாங்குவதற்குச் சமம் என்பது என் கட்சி. பல்லைப் பார்த்தால் போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். எத்தனை வகை வண்டியைப் படிக்கும், ஓடிக்கொண்டிருக்கும்போது படிக்குமா, நின்றால்தானா, சிக்னல் இல்லாத கொல்லிமலை வளைவில் வேலை செய்யுமா, குறையின் எண்ணை மட்டும் சொல்லுமா, இல்லை ஏன் வந்தது என்றும் சொல்லுமா? கடைசிக் கேள்விதான் முக்கியம். எண்ணைச் சொல்வதற்குக் கருவி எதற்கு, பஞ்சாங்கம் போதும்.

போட்டியன்று காலை நான் சிறு பெண்ணைப் போலக் குதித்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கெல்லாம் வந்து என் கணவர் குழந்தைவேலின் லாரியில் மூன்று குறைகளை ஒளித்தேன். சக்கர வேகம் அளக்கும் சென்சாரின் இணைப்புக்குள் பால் பாக்கெட்டின் ஓரத்திலிருந்து வெட்டிய ஒரு துண்டு. ஹைட்ரஜன் குழாயின் வால்வில் அரைத் திருகு தளர்ச்சி. மூன்றாவதுதான் என் கைவண்ணம்: எர்த் வயரின் முனையில் நிறமில்லாத நகப்பூச்சு. வயர் இறுக்கமாக இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் மின்சாரம் ஓடாது. இதைக் கண்டுபிடிக்க முடியாமல் மூன்று பட்டதாரிகள் டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த மகிழ்ச்சியில் மைதானத்தைக் கடக்கும்போது வலதுகால் செருப்பு கழன்று பின்னால் நின்றுவிட்டது. இந்த வருடத்தில் அது மூன்றாவது ஜோடி. முந்தின வாரம்தான் பஸ் ஸ்டாண்டு செருப்புக்கடைக்காரரை நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டிவிட்டு வந்தேன். வலதையும் இடதையும் ஒரே அளவில் தைக்கத் தெரியாதவர்கள் எல்லாம் கடை வைத்தால் இப்படித்தான்.

"ஏனம்மிணி, என்ற வண்டிதான் கெடச்சுதா உனக்கு?" என்று கேட்டுக்கொண்டு குழந்தைவேல் வந்தார். "நாளைக்குக் கொல்லிமலை லோடு இருக்குது. மூணையும் மறக்காம எடுத்துப்போடு."

"எடுத்துருவேனுங்க. உங்க வண்டியவிட ஒழுங்கா டியூன் பண்ணுன வண்டி வேற இருக்குதா? அதான்."

"ஒழுங்கா? பிரேக்கத் தொட்டாப் போதும், மூக்கு கண்ணாடில இடிக்குது. மெரண்ட மாடாட்டம் நிக்குது வண்டி."

"கூர்மையா இருந்தாத்தானுங்க வண்டி. உங்க காலுக்குச் சோம்பேறித்தனம்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இந்தப் பேச்சு எங்களுக்குள் ஒரு வருடமாக நடக்கிறது. அவருக்குக் கால்மேல் அவ்வளவு பெருமை. இருக்காதா? இப்போது நாற்கரச் சாலையில் லாரி தானாகவே ஓடுகிறது. ஊருக்குள்ளும் மலையிலும்தான் மனிதன் ஓட்ட வேண்டும். அதற்குத் தனியாக ஓர் உரிமம், கை அட்டை என்போம். எழுபது கொண்டை ஊசி வளைவு கொண்ட கொல்லிமலைக்கு ஏறும் அட்டை எங்கள் சங்கத்தில் பதினொரு பேரிடம்தான் இருக்கிறது. அதில் முதல் அட்டை குழந்தைவேலுடையது.

பத்து மணிக்கு மைதானம் திருவிழாவாகிவிட்டது. லாரிக்காரர்கள், டிரைவர்கள், பக்கத்துப் பட்டறைக்காரர்கள் என்று நூறு பேர். சங்கத் தலைவர் அத்தியப்பன் வெள்ளை வேட்டியில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். சுவரில் பெரிய திரை. ஒவ்வொருவர் முறை வரும்போதும் சூடாக ஒரு டீயை ஊற்றி மேசைமேல் வைத்தேன்.

முதலில் 'மின்னல்'. சென்னையிலிருந்து வந்திருந்தது. கொண்டு வந்தவர் அந்த வெயிலில் கோட்டு போட்டிருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் செருகியதும் திரையில் குறை எண்கள் கொட்டின. அறுபத்திரண்டு. பால் பாக்கெட் துண்டை நாலு நிமிடத்தில் பிடித்துவிட்டது. ஆனால் அந்த ஒரு துண்டால் வந்த குழப்பத்தை அறுபது குறையாகச் சொல்லிவிட்டது. ஊரில் ஒருவனுக்குத் தும்மல் வந்தால் ஊரையே ஆஸ்பத்திரியில் சேர்க்கிற வைத்தியம். மற்ற இரண்டையும் அதற்குள்ளிருந்து தேடியெடுப்பதற்குள் டீ ஆறிப்போனது.

அடுத்தது 'கருடப்பார்வை'. கோயம்புத்தூர்க்காரர் கொண்டு வந்தார். பதினொரு நிமிடத்தில் மூன்று குறை இருக்கும் இடங்களையும் சொல்லிவிட்டது. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் எர்த் வயர் பக்கம் போனதும், "வயர்த் தொகுப்பு முழுவதையும் மாற்றவும்" என்றது.

"நகப்பூச்சைச் சுரண்டுனாப் போதுங்களே?" என்றேன்.

"அது எங்க சிஸ்டத்துல இல்லைங்க. மாத்துனதுக்கப்பறம் கம்பெனில இருந்து அனுமதி வந்தாத்தான் குறை அழியும்."

"கொல்லிமலைல நாப்பதாவது வளைவுல நின்னுக்கிட்டு யாருகிட்டீங்க அனுமதி கேக்கறது?"

டிரைவர்கள் விசிலடித்தார்கள். தலைவர் கையமர்த்தினார்.

மூன்றாவது கருவிக்குப் பெயர் 'தோழி'. சோப்புப் பெட்டி அளவுதான். ஓசூரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்ததாம். அவர்களில் ஒருத்தியான ரெபேக்கா என்கிற பெண் பஸ்ஸில் கொண்டு வந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. செருகிவிட்டு, டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அதுவே எனக்குப் பிடித்துவிட்டது. மற்ற இருவரும் டீயைத் தொடவே இல்லை.

ஐந்து நிமிடத்தில் திரையில் எழுத்து வந்தது. ஒன்று: சென்சார் இணைப்புக்குள் மெல்லிய பொருள், எடுக்கவும். இரண்டு: வால்வு அரைத் திருகு தளர்வு. மூன்று: எர்த் முனையில் பூச்சு, சுரண்டவும்.

சுரண்டவும்! எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பதினாறு வருடத்தில் என் நகப்பூச்சை இவ்வளவு மரியாதையாக எவரும் கண்டுபிடித்ததில்லை. தலைவர் எழுந்து கைதட்டப் போனார். அப்போது திரை மறுபடி மினுங்கியது.

மொத்தக் குறைகள்: நான்கு.

மைதானமே சிரித்தது. "இல்லாததையும் சேர்த்துச் சொல்லுது, அரசியல்ல விட்டுரலாம்" என்று ஒருவர் கத்தினார். நான் விரல்விட்டு எண்ணினேன். மூன்றுதான் வைத்தேன். ரெபேக்கா தன் கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்தாள். முகம் மாறியது. பெரிய திரையை அணைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, இத நீங்க மட்டும் பாருங்க."

நான்காவது குறை வண்டியில் இல்லை. 'டியூனருக்குப் பாடம் கொடுத்த கால். வலது. தாமதம் கூடிக்கொண்டே போகிறது' என்று இருந்தது.

டியூனர் என்பது பெடலுக்கு அடியில் நான் பொருத்துகிற சின்னப் பெட்டி. எங்கள் பட்டறைக்குப் பின்னால் பயிற்சித் தடம் இருக்கிறது. அதன் முனையில் ஒரு சிவப்பு விளக்கு. வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது விளக்கு எரியும், பிரேக்கை மிதிக்க வேண்டும். இப்படி முப்பது தடவை. அதுதான் பாடம். கால் எப்படி என்று டியூனர் கற்றுக்கொண்டு, அதற்குத் தக்கபடி பிரேக்கை மாற்றிக்கொள்ளும்.

"கால் மெதுவா வந்தா டியூனர் பிரேக்க கூர்மையாக்கிடும், குறை வெளிய தெரியாது" என்றாள் ரெபேக்கா தணிந்த குரலில். "இந்த வண்டிக்குப் பதினெட்டு மாசத்துல ஏழு பாடம். முதல் பாடத்துல விளக்கப் பார்த்து கால் போக அரை விநாடி. ஏழாவதுல ஒரு விநாடிக்கு மேல. வயசுனால இப்படி ஆகாது. ஒரே சீரா ஏறுது. நரம்பு விஷயம்னு தோணுது. டாக்டர்தான் சொல்லணும். சீக்கிரமா பார்த்தா இப்ப நல்ல மருந்து இருக்கு."

குழந்தைவேல். நாளைக்குக் கொல்லிமலை. எழுபது வளைவு.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்கு அவருடைய உடம்பைப் பற்றி நினைப்பு வரவில்லை. அட்டையைப் பற்றித்தான் வந்தது. கால் தாமதம் என்று எழுத்தில் வந்துவிட்டால் அட்டை அன்றைக்கே ரத்து. அப்புறம் நாற்கரச் சாலையில் தானே ஓடுகிற வண்டிக்குள் பொம்மையாக உட்கார்ந்து போக வேண்டியதுதான். அதைவிடச் செத்துப்போகலாம் என்பார் அந்த மனிதர்.

"இந்த நாலாவத அழிச்சுப்போடு, கண்ணு" என்றேன். "உன்ற கருவிதான் மொதலு. இப்பவே மைக்குல சொல்லிப்போடறேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தத் தேர்வில் ஜெயித்தால் அவர்கள் ஏழெட்டுப் பேரின் பிழைப்பு நிலைத்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

"முடியாதுக்கா. அழிச்சிட்டு நான் ஓசூருக்கு பஸ் ஏறிடுவேன். அவரு மலை ஏறுவாரு."

இதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அந்தத் திரையை வாங்கிக்கொண்டது. குழந்தைவேல். படித்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மைதானத்தின் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்கொ! நாலாவது கொறை என்ற காலாம்! வலது காலு மந்தமாம்!"

சிரிப்பு நின்றுபோனது. தலைவர் அத்தியப்பன் எழுந்து வந்தார்.

"வெளையாடாதீங்க மாப்ளே. எழுத்துல வந்துருச்சுன்னா அட்டை போயிரும்."

"போனாப் போகட்டுமுங்க. ஆனா சோப்பு டப்பா சொல்லி நான் அட்டையைத் தரமாட்டேன். தமயந்தி! டியூனரக் கழட்டு. வெளக்க நீங்களே போடுங்க தலைவரே. கோட்டத் தாண்டி நின்னன்னா அட்டை உங்க கையில."

இதுதான் குழந்தைவேல். எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. ஒளித்த மூன்று குறைகளையும் எடுத்துவிட்டு, பெடலுக்கு அடியில் குனிந்து டியூனரைக் கழற்றினேன். திருகாணி கையிலிருந்து இரண்டு தடவை கீழே விழுந்தது. தடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். கோட்டுக்கு அப்பால் ஐந்து மீட்டரில் மணல் நிரப்பிய தார் டிரம் ஒன்றை வைத்தார்கள். விளக்கின் பட்டன் தலைவர் கையில்.

லாரி தடத்தின் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. நாற்பது கிலோமீட்டர் வேகம். தலைவர் வேண்டுமென்றே நேரம் கடத்தி, எதிர்பாராத கணத்தில் பட்டனை அழுத்தினார். சிவப்பு எரிந்ததும் லாரி முகத்தைத் தாழ்த்தியது. ஆட்டமில்லை, குலுக்கலில்லை. முன்சக்கரம் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

மைதானம் அதிர்ந்தது. துண்டுகள் பறந்தன. மூன்று தடவை வைத்துப் பார்த்தார்கள். மூன்று தடவையும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். எனக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஓடிப்போய் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

"பாத்தியா?" என்றார் மேலிருந்து. முகமெல்லாம் பல். "இப்பத்தான் வண்டி வண்டியாட்டம் இருக்குது. அந்த டியூனரத் திரும்ப மாட்டிப்போடாத, சொல்லிட்டேன். மாட்டுன நாள்ல இருந்து நான் வண்டியோட சண்டை புடிச்சுட்டுத்தான் ஓட்டறேன்."

"எருமப்பட்டிக்காரன் மொட்ட லோடு ஒடஞ்சப்பவும் அதான சொன்னான்" என்றார் கூட்டத்தில் ஒரு டிரைவர். "பிரேக்கத் தொட்டதோட சரி, நாலாயிரம் மொட்டையும் ஆம்லெட்டுன்னான். நாமதான் நம்பலை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். எருமப்பட்டி வண்டிக்கும் டியூனர் போட்டது நான்தான்.

ஒரு பக்கம் ரெபேக்கா தோழியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. "கருவி பொய் சொல்லாதுக்கா" என்றாள். "அவரு காலு நல்லாத்தான் இருக்கு, நானும் பார்த்தேன். ஆனா ஏழு பாடம் பதிவாகியிருக்கே. ஏழும் காலைல பதினோரு மணிக்கு. பாடத்த டிரைவர்தானே கொடுக்கணும்? அப்படித்தானே புத்தகத்துல இருக்கு?"

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. சங்ககிரியில் அப்படி இல்லை.

எங்கள் ஊரில் பட்டறையை விட்டு வெளியேறும் வண்டியின் முதல் ஓட்டம் மெக்கானிக்குடையது. பிரேக் பிடிக்காவிட்டால் முதலில் போகிற கழுத்து, அதைப் பழுதுபார்த்தவரின் கழுத்தாக இருக்க வேண்டும். இதைவிடப் பெரிய உத்தரவாதம் எந்தக் கம்பெனியும் தர முடியாது என்று நான் எத்தனை பேரிடம் மார் தட்டியிருக்கிறேன்! எப்படியும் முதல் ஓட்டம் ஓட்டத்தானே போகிறோம் என்று, டியூனர் வந்த நாளிலிருந்து பாடத்தையும் அந்த ஓட்டத்திலேயே முடித்துவிடுவேன். டிரைவரை எதற்கு உட்கார வைக்க வேண்டும்? பதினொரு மணி டீ குடித்ததும் நான் ஏறுவேன். வண்டி கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே என்று தோன்றும். திரும்பப் பாடம். திரும்பக் கூர்மை.

ஏழு பாடமும் என்னுடையவை. அந்தக் கால் என் கால்.

குனிந்து பார்த்தேன். வலதுகால் செருப்பு மறுபடி கழன்று, லாரிக்கதவுக்குக் கீழே நான் தொங்கிய இடத்தில் கிடந்தது.

தலைவர் மைக்கைத் தட்டினார். "அப்பறமென்ன, தோழி தோத்துப்போச்சு. கருடப்பார்வையா, மின்னலா? அம்மிணி வந்து தீர்ப்பு சொல்லோணும்."

சொல்லிவிட்டால் முடிந்தது. கருடப்பார்வை என்று ஒரு வார்த்தை. ரெபேக்கா பஸ் ஏறிவிடுவாள். அவள் என்னிடம் கேட்ட கேள்வி வேறு ஒருவர் காதிலும் விழவில்லை. முதல் ஓட்டம் என் கையை விட்டுப் போகாது. தலைமை மெக்கானிக் தலைமை மெக்கானிக்காகவே இருப்பாள். கணவரின் காலுக்காக ஒளிக்கப் பார்த்தவளுக்குத் தன் காலை ஒளிக்க எவ்வளவு நேரமாகும்? ஆனால் பதினெட்டு மாதத்தில் நான் பாடம் கொடுத்த வண்டிகள் நூற்றுப் பதினாறு. நூற்றுப் பதினாறும் என் நோயைச் சுமந்துகொண்டு ரோட்டில் போய்க்கொண்டிருந்தன. அன்றைக்கு உடைந்தது முட்டை.

என் கால் மந்தம் என்பதுகூட உறுதியில்லையே என்று ஒரு சபலம். டியூனர் இல்லாத வண்டியை நான் ஓட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும்?

லாரியின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். "ஏனுங்க, எறங்குங்க. நான் ஒருக்கா ஓட்டறேன்."

"நீயா? தீர்ப்பச் சொல்லீட்டு வா."

"ஓட்டிப்போட்டுச் சொல்றேன்."

அவர் இறங்கவில்லை. பக்கத்து இருக்கைக்கு நகர்ந்துகொண்டார். நான் வலதுகாலில் செருப்பில்லாமலே ஏறினேன். கூட்டத்துக்கு ஒரே குஷி. தமயந்தி புருஷனுக்குப் போட்டியாக ஓட்டுகிறாள் என்று கைதட்டினார்கள். தடத்தின் கோடிக்குப் போய்த் திருப்பினேன். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. கோடு தெரிந்தது. டிரம் தெரிந்தது. கண்ணை விளக்கைவிட்டு எடுக்கவில்லை.

சிவப்பு.

பார்த்துவிட்டேன். பார்த்ததும் காலுக்குச் சொல்லிவிட்டேன். கால் வரவில்லை. அது ஒரு விநாடிதான். ஆனால் அந்த விநாடிக்குள் என்னால் முழுதாக நினைக்க முடிந்தது: பார்த்துவிட்டேனே, ஏன் இன்னும் மிதிக்கவில்லை? கோடு வண்டிக்கு அடியில் ஓடி மறைந்தது. அப்புறம் கால் மிதித்தது. அதே நேரத்தில் குழந்தைவேலின் கை பாய்ந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தது. டொம்மென்று டிரம் சாய்ந்து மணல் கொட்டியது. வண்டி நின்றது.

குழந்தைவேல் என் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தமயந்தி" என்றார்.

"நீங்க சொன்னது சரிதானுங்க. வண்டி மெரண்டுதான் கெடந்துச்சு."

இறங்கிப் போய் மைக்கை வாங்கினேன். பயமாக இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலும் ஒரு கொண்டாட்டம் உள்ளே துள்ளிக்கொண்டிருந்தது. எப்பேர்ப்பட்ட கருவி! வண்டியில் செருகி, வண்டியைத் தொட்டவளின் நரம்பு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டதே! நான் மெக்கானிக். எனக்கு இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

"நான் மூணு கொறைதான் வெச்சன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. நாலு வெச்சிருக்கறேன். நாலாவது என்ற காலு. நான் டியூன் பண்ணுன நூத்திப் பதினாறு வண்டியும் இன்னிக்கே திரும்பி வரோணும். டியூனரக் கழட்டோணும். இனிமே பாடம் அந்தந்த வண்டி டிரைவர்தான் குடுக்கோணும். மொத ஓட்டம் நான் ஓட்டமாட்டேன்."

தலைவர் மெல்லக் கேட்டார். "அப்ப கருவி?"

"நாலையும் கண்டுபுடிச்சது தோழிதானுங்களே. அதுதான் தேர்வு. ஆனா ஒரு நிபந்தனை." நான் ரெபேக்காவைப் பார்த்தேன். "கால் யாருதோ அவங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லோணும். பெரிய தெரைல வரக்கூடாது. ஓனருக்கும் போகக்கூடாது. இன்னிக்கு நீ எப்புடி செஞ்சியோ, கருவியும் அப்புடியே செய்யோணும்."

லாரிக்காரர்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. "வண்டி எங்களுது. எங்களுக்குத் தெரியாம எப்புடி?" என்றார் ஒருவர்.

"உங்களுக்கு மொதல்ல தெரிஞ்சா அட்டை போயிருமுன்னு எல்லாரும் காலை ஒளிப்பாங்க. வேற எவனையோ வெச்சுப் பாடம் குடுப்பாங்க. டாக்டர்கிட்டப் போக ஒரு மாசம் அவங்களுக்குக் குடுங்க. போகலைன்னா அப்பறம் சங்கத்துக்குச் சொல்லட்டும். ஒளிக்கறதப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா? பத்து நிமிசத்துக்கு முன்னால, இவுரு காலுன்னு நெனச்சு, அழிச்சுப்போடுன்னு இந்தப் புள்ளகிட்டக் கெஞ்சுனவளே நான்தானுங்க."

குழந்தைவேல் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவருக்கு அது தெரியாது.

தலைவர் அத்தியப்பன் மேசையிலிருந்த டீயில் ஒன்றை எடுத்து ஒரு வாய் குடித்தார். "இன்னிக்கும் சர்க்கரை இல்ல அம்மிணி" என்றார். "ஒரு மாசம் குடுப்போம். நீ சொன்னபடியே எழுதிக்கலாம்."

ரெபேக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இன்றைக்கே மாற்றித் தருவதாகச் சொன்னாள். பையிலிருந்து தோழியை வெளியே எடுத்து, எதற்கோ அதைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அதற்குள் டிரைவர்கள் போன் போட ஆரம்பித்துவிட்டார்கள். முதல் வண்டி எருமப்பட்டியிலிருந்து கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது.

"சேலத்துல நரம்பு டாக்டரு ஒருத்தர் இருக்கறாரு. ஏறு" என்றார் குழந்தைவேல்.

"வண்டிக வந்துட்டு இருக்குதுங்களே..."

"கழட்டறதுக்கு ஆளு இருக்குது. ஏறு அம்மிணி."

பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, பட்டறையிலிருந்து வெளியேறும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் ஏறுவதற்கு முன் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பிப் போனார். தடத்தோரம் கிடந்த என் வலதுகால் செருப்பை எடுத்துவந்தார். மணலைத் தட்டி, குனிந்து, என் காலில் மாட்டிவிட்டு வாரை இறுக்கினார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

வண்டி மெதுவாக நகர்ந்தது. வாசலில் ஒரு தடவை பிரேக் போட்டார். எனக்குத் தெரியவே இல்லை. அவ்வளவு பதமாக நின்றது.

"ஏனுங்க" என்றேன். "போற வழியில பஸ் ஸ்டாண்டுல ஒரு நிமிசம் நிறுத்துங்க."

"எதுக்கு?"

"செருப்புக்கடைக்காரருகிட்ட மன்னிப்புக் கேக்கோணும்."